முதற்கருவி



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நான்காக மடித்த தாள் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் பதினொரு கருவிகளின் பெயரும் எதிரே விலையும் குறித்திருந்தார். "ஐயா, இவற்றுள் எதை வாங்கலாம்? சிந்தசைசர் கற்றுச் சொந்தமாக இசை அமைக்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மா சீட்டு எடுத்து 40,000 ரூபாய் தந்திருக்கிறார்கள். இந்த மாதத்திற்குள் வாங்கிவிட வேண்டும்" என்றார்.

"இந்த மாதத்திற்குள் ஏன்?" என்று கேட்டேன்.

"பணம் வீட்டில் இருந்தால் வேறு செலவு வந்துவிடும், ஐயா."

மறுமொழி சொல்ல இயலாத காரணம். அவருடைய தாயார் தையல் வேலை செய்பவர். மிதித்து மிதித்துச் சேர்த்த பணம் அது. நான் ஏதோ ஒரு பெயரைச் சுட்டிக்காட்டிவிட்டால் அவர் மறுநாளே போய் வாங்கிவிடுவார். அந்த அச்சம்தான் என்னை அந்தத் தாளைக் கவனமாகப் படிக்கச் செய்தது.

படித்தபோது ஒன்று விளங்கிற்று. அந்தப் பதினொன்றும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. தாமே ஒலியைப் படைக்கும் சிந்தசைசர்கள் நான்கு. தாளத்துணையும் நூற்றுக்கணக்கான ஆயத்த ஒலிகளும் கொண்ட 'அரேஞ்சர்' கீபோர்டுகள் ஐந்து. தமக்கென்று ஒலியே இல்லாமல், கணினிக்குக் கட்டளை மட்டும் அனுப்பும் மிடி கீபோர்டுகள் இரண்டு. கடையில் இருந்தவர் எல்லாவற்றிற்கும் சிந்தசைசர் என்ற ஒரே பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார். வெளித்தோற்றத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டைகள், மேலே சில பொத்தான்கள், ஒரு சிறு திரை. வேறுபாடு உள்ளே இருக்கிறது.

இந்த மயக்கத்தில் நானும் ஒரு காலத்தில் விழுந்தவன். அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. வேலையில் சேர்ந்த புதிது. மூன்று மாதச் சம்பளத்திற்கு ஈடான தொகையைக் கடன் வாங்கி, ஐந்நூறு ஒலிகள் உள்ள கீபோர்டு ஒன்றை வாங்கிவந்தேன். எந்தக் கடை, எந்த நிறுவனம் என்பதெல்லாம் இப்போது வேண்டா. ஒரு பொத்தானை அமுக்கினால் தாளம் தானே ஒலிக்கும். இடக்கையால் ஒரு கட்டையைத் தொட்டால் பக்கவாத்தியம் முழுவதும் எழும். முதல் வாரம் வீடே கூடி நின்று கேட்டது. இரண்டாம் மாதம் நான் ஒருவனே கேட்டேன். அதிலிருந்த புல்லாங்குழல் ஒலி எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதில் இன்னும் கொஞ்சம் மூச்சுக்காற்று கலந்திருக்க வேண்டும், தொடக்கம் இன்னும் மெதுவாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. குறிப்பேட்டை முதலிலிருந்து முடிவு வரை புரட்டினேன். அதற்கு வழியே இல்லை. அந்த ஒலியை யாரோ எங்கோ செய்து அடைத்து வைத்திருந்தார்; எனக்குரியது அதைத் திறந்து பரிமாறும் வேலை மட்டும். கருவி கட்டிலுக்கு அடியில் போயிற்று. கடன் மட்டும் மேலும் ஓராண்டு நீண்டது. கடைசியில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்றேன்.

கருவியின்மேல் குற்றம் இல்லை. கல்யாண வீட்டில் மெல்லிசைக்குத் துணை வாசிப்பவருக்கு அது அருமையான பொருள். நான் விரும்பியது ஒன்று, வாங்கியது மற்றொன்று. ஒலியைச் செய்ய விரும்புகிறோமா, செய்த ஒலியை வாசிக்க விரும்புகிறோமா என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இதை அந்த இளைஞரிடம் சொன்னேன். அவர், "செய்யத்தான் விரும்புகிறேன். ஆனால் எப்படிச் செய்வது என்பதே தெரியாதே" என்றார்.

அதைத் தெரிந்துகொள்வது அவ்வளவு கடினமன்று. ஆர்மோனியத்தில் உலோக நாக்கு அதிர்கிறது. வீணையில் தந்தி அதிர்கிறது. சிந்தசைசரில் அதிர்வது மின்சாரம். அந்த அதிர்வை எழுப்பும் பகுதிக்கு அலையியற்றி என்று பெயர். அதிலிருந்து வருவது கரடுமுரடான கச்சா ஒலி. ரம்பத்தின் பல்லைப் போன்ற வடிவமுள்ள அலையை எடுத்துக்கொண்டால், விநாடிக்கு 220 அதிர்வு உள்ள ஸ்வரத்தோடு 440, 660, 880 என்று அதன் எல்லா மடங்குகளும் உடன் ஒலிக்கும். சதுர அலையிலோ 220, 660, 1,100 என்று ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே இருக்கும். முன்னது வண்டுக் கூட்டம்போல் ரீங்கரிக்கும். பின்னது கிளாரினெட்டைப்போல உள்ளே கூடு விழுந்த குரலில் பேசும்.

இந்தக் கச்சா ஒலியைச் செதுக்குவது வடிப்பான். அது என்ன செய்கிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமலே நீங்கள் இப்போதே அறியலாம். ஒரே சுருதியில் 'ஊ' என்று தொடங்கி, சுருதி மாறாமல் மெல்ல மெல்ல வாயைத் திறந்து 'ஆ' என்று முடித்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்கள் நகைத்தால் நகைக்கட்டும். தொண்டையில் எழுந்த அதிர்வு ஒன்றுதான். வாயின் வடிவம் சில மடங்குகளை அடக்கிச் சிலவற்றை வெளியே விட்டது. வடிப்பானின் குமிழைத் திருகுவது வாயைத் திறந்து மூடுவதற்கு ஒப்பானது.

மூன்றாவது, ஒலியின் பிறப்பும் இறப்பும். வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி சட்டென்று எழுந்து, பிறகு படிப்படியாகத் தேய்கிறது. நாகசுரத்தில் மூச்சு உள்ளவரை நின்று, மூச்சை எடுத்ததும் மறைகிறது. எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஓய்வு என்று நான்கு குமிழ்கள் இதற்கு உண்டு. ஒரே ரம்பப் பல் அலையை வைத்துக்கொண்டு இந்த நான்கை மட்டும் மாற்றி, மீட்டும் வாத்தியத்தையும் ஊதும் வாத்தியத்தையும் மாறி மாறி நினைவூட்டலாம். நான்காவதாக, காதுக்கு எட்டாத மெதுவான அலை ஒன்று இருக்கிறது. விநாடிக்கு ஐந்தாறு முறை அசையும் அந்த அலையை ஸ்வரத்தின்மேல் ஏற்றினால் குரல் நடுங்கும். வடிப்பானின்மேல் ஏற்றினால் வாய் தானே திறந்து மூடும்.

அடிப்படை இவ்வளவே. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் 1964இல், ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரோடு கூடி இவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து கம்பிகளால் இணைத்தார். 1968இல் வெண்டி கார்லோஸ், பாஹ் என்னும் ஜெர்மானிய மேதையின் இசையை அந்தக் கருவியில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்ட பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. மறு ஆண்டே, 1969இல், அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்பவரின் உதவியோடு மூக் கருவி ஒன்று நிறுவப்பட்டது. நம் நாட்டிற்கு அது வந்தது காலம் கடந்து அன்று. நாம் கவனித்ததுதான் காலம் கடந்து.

முதற்கருவியைத் தேர்பவர் அறிய வேண்டிய பாடம் இதற்குப் பின்வந்த இரண்டு கருவிகளில் இருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். 1970இல் வந்தது மினிமூக். நாற்பத்து நான்கு கட்டைகள். ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். பெட்டிகளையும் கம்பிகளையும் ஒழித்து, அலையியற்றி இங்கே, கலப்பான் இங்கே, வடிப்பான் இங்கே என்று இடமிருந்து வலமாக எல்லாவற்றையும் ஒரே பலகையில் வரிசைப்படுத்தியிருந்தார்கள். ஒரு குமிழுக்கு ஒரு வேலை. ஒலியைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. நேற்றுச் செய்த ஒலி இன்று வேண்டுமானால், நேற்றுச் செய்ததையே மீண்டும் செய்ய வேண்டும். இது குறையாகத் தோன்றும். கற்பவருக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

1983இல் யமாஹா நிறுவனம் டிஎக்ஸ்7 என்ற கருவியை வெளியிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்த முறை அதன் உயிர். ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையின் அதிர்வெண்ணைக் குலுக்கும் முறை அது. மணியோசையும் கண்ணாடி தட்டும் ஓசையும் அதில் எழுவதுபோல் மினிமூக்கில் எழமாட்டா. ஒரே நேரத்தில் பதினாறு ஸ்வரங்கள் வேறு. ஆனால் குமிழ்களை எடுத்துவிட்டார்கள். பொத்தான்களை அமுக்கி, சிறு திரையில் எண்களைப் பார்த்து, ஒரே ஒரு தள்ளுபட்டையால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். விளைவு என்ன? வாங்கியவர்களில் பெரும்பாலோர் உள்ளே இருந்த முப்பத்திரண்டு ஆயத்த ஒலிகளோடு நின்றுவிட்டனர். அந்த மின்பியானோ ஒலியை அக்காலத்துப் பாடல்களில் உலகெங்கும் கேட்கலாம். மினிமூக்கைவிட எவ்வளவோ ஆற்றல் மிக்க கருவி அது. ஆயினும் கை போகாத இடத்திற்குக் காது போகவில்லை.

ஆதலால், எத்தனை ஒலிகள் உண்டு என்று கேட்டு முதற்கருவியை வாங்காதீர்கள். குமிழ்கள் வெளியே இருக்கின்றனவா, ஒவ்வொன்றும் ஒரே வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள். 2002இல் வந்த மைக்ரோகோர்க் பலருக்கும் முதற்கருவியாக அமைந்தது. நல்ல ஒலி உடையது. ஆனால் ஐந்தே குமிழ்கள். அவை எதை மாற்றும் என்பதை அட்டவணை ஒன்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016இல் வந்த மினிலாக் நான்கு ஸ்வரங்களை ஒருங்கே ஒலிக்கும். குமிழ்கள் வெளியே பரந்திருக்கும். தொடக்கக்காரருக்கு இரண்டாவதையே நான் சொல்வேன்.

இதையெல்லாம் கேட்ட இளைஞர், "அப்படியானால் மினிலாக் வாங்கிவிடட்டுமா?" என்றார்.

"வேண்டா. பணத்தை மூன்று மாதம் அஞ்சலகத்தில் போட்டு வையுங்கள்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

அவரிடம் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. அது போதும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. இசை மென்பொருளில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேடை, மற்றொன்று அதில் ஏறும் வித்துவான். பதிவு செய்தல், அடுக்குதல், வெட்டி ஒட்டுதல் எல்லாம் முன்னதன் வேலை. ஒலியை எழுப்புவது பின்னதன் வேலை. வித்துவானாக நான் பரிந்துரைத்தது சர்ஜ் எக்ஸ்டி என்னும் மென்பொருள். 2018இல் அதன் மூலநிரல் பொதுவாக்கப்பட்டது. தன்னார்வலர்கள் கூடி வளர்த்துவருகிறார்கள். விலை இல்லை. 2020இல் வந்த வைட்டல் என்பதற்கும் விலையில்லாப் பதிப்பு உண்டு. அலையும் வடிப்பானும் அசைவதைத் திரையில் கண்ணாலேயே காணலாம். டிஎக்ஸ்7 கருவியைப் பழக விரும்புவோருக்கு டெக்ஸட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

மேடைக்கு வந்தால், ஆப்பிள் கணினி வைத்திருப்போருக்குக் கராஜ்பேண்ட் உடன் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு எல்எம்எம்எஸ், வேவ்ஃபார்ம் ஃப்ரீ ஆகியவை இலவசம். ரீப்பர் என்பதை 60 நாள் முழுமையாகப் பழகிப் பார்த்து, பிடித்தால் தனிமனிதருக்குரிய 60 டாலர் உரிமத்தைப் பெறலாம். எஃப்எல் ஸ்டூடியோவின் பழகு பதிப்பில் ஒரு சூழ்ச்சமம் உண்டு. செய்ததைச் சேமிக்கலாம், சேமித்ததை மீண்டும் திறக்க முடியாது. இது தெரியாமல் இரவெல்லாம் உழைத்துவிட்டு மறுநாள் கலங்கியவர்களை நான் அறிவேன். கணினியே இல்லாதவர் கைப்பேசியில் பாண்ட்லேபைக் கொண்டு தொடங்கலாம். இவற்றுள் எது உயர்ந்தது என்று மாணவர்கள் மணிக்கணக்கில் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓராண்டு மாற்றாமல் இருங்கள். இத்தனையும் இலவசமாகக் கிடைக்கும்போது திருட்டு நகலைத் தேடிப்போய்க் கணினிக்கு நோயை வரவழைத்துக்கொள்வது எனக்கு விளங்காத செயல்.

ஒரு வாரம் சென்றது. இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். "கட்டையைத் தொட்டால் ஒலி பிந்தி வருகிறது. கணினி பழுதாகிவிட்டது போலும்" என்றார். பழுது ஒன்றும் இல்லை. கணினி ஒலியைத் துளித்துளியாகச் செய்து, ஒரு குடம் நிறைந்த பிறகே வெளியே ஊற்றுகிறது. விநாடிக்கு 48,000 துளிகள் என்று கொள்வோம். குடத்தின் கொள்ளளவு 2,048 துளி என்றால், அது நிறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் 43 பங்கு நேரம் ஆகும். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆகவே பதினைந்து மீட்டர் தூரத்தில் வைத்த வாத்தியத்தை இங்கிருந்து வாசிப்பதற்கு அது சமம். குடத்தை 256 துளியாகக் குறைத்தால், தாமதம் ஆயிரத்தில் ஐந்து பங்காகும். இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விரல் அதை உணராது. குடத்தை மிகச் சிறிதாக்கினால் பழைய கணினி ஈடுகொடுக்க முடியாமல் ஒலி தெறிக்கும். விண்டோஸ் கணினியில் ஏஷியோ என்னும் இயக்கியைப் பயன்படுத்தி, தெறிக்காத அளவுக்குக் குடத்தைச் சிறிதாக்குவதே தீர்வு. விலையுயர்ந்த புதிய கணினி வாங்கும் முன் இந்த ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள்.

மறந்துவிடும் முன் மற்றொன்று. முதல் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயை ஹெட்போனுக்குச் செலவிடுங்கள், கம்பியுள்ளதாக இருக்கட்டும். கம்பியில்லாதது பெருந்தாமதம் செய்யும். மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியில் கீழ்ஸ்தாயி கேட்கவே கேட்காது. கேட்காத ஒலியைத் திருத்த முடியாது.

இப்போது நம் இசைக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருகிறேன். கட்டை வாத்தியத்துக்கும் நமது இராகத்துக்கும் உள்ள பிணக்கு பழையது. அகில இந்திய வானொலியே 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. கட்டைக்குக் கட்டை ஒலி தாவுமே தவிர, வழுக்கிச் செல்லாது. கமகம் அதில் பிறவாது. அதன் ஸ்வரத்தானங்களும் நம்முடையவற்றோடு இழைவதில்லை என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தம்புராவை மீட்டிக் காது கொடுத்தால் அந்தர காந்தாரம் தானே எழும். கீபோர்டில் அந்தக் காந்தாரத்துக்குரிய கட்டையை அமுக்கினால், இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மேலே நிற்கும். சிறிய அளவுதான், ஆயினும் பழகிய காதுக்கு உறுத்தும்.

சிந்தசைசர் இந்தப் பிணக்கைத் தீர்க்க வல்லது. எல்லாச் சிந்தசைசரும் அல்ல. 1983இல் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுதாரோ ககெஹாஷியும் முன்னின்று உருவாக்கிய மிடி என்னும் பொதுமொழியில்தான் இன்றும் கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்கின்றன. அது ஒலியை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு விசை என்ற எண்களையே அனுப்புகிறது. கட்டைகளுக்கு அதில் 128 எண்கள். ஆனால் ஸ்வரத்தை வளைக்கும் சக்கரத்துக்கு 16,384 படிகள். நமக்கு வேண்டிய இசை அந்த 128இல் இல்லை; 16,384இல் இருக்கிறது. கீபோர்டு வித்துவான் சத்யநாராயணன் கர்நாடக இசைக் கச்சேரி செய்வதைக் கேட்டவர்களுக்கு, அந்தச் சக்கரம் என்ன செய்யும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற கலைஞர் 1982இல் பத்து இராகங்களைச் சிந்தசைசரில் பதிவு செய்தார். அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்று ரோலண்டு டிபி-303. கித்தார் வாசிப்பவருக்குக் கீழ்ஸ்தாயித் துணையாக இருக்கட்டும் என்று செய்யப்பட்ட சிறு பெட்டி அது. விற்பனை ஆகாமல் 1984இல் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் குணம் அதில் இருந்தது. இராகத்துக்கு வேண்டியதை அந்தக் கலைஞர் அதிலே கண்டுகொண்டார். அவருடைய இசைத்தட்டை அன்று ஏறெடுத்துப் பார்த்தவர் சிலரே. 2010இல் மறுபடி வெளிவந்தபோதுதான் பேசினார்கள்.

ஐப்பசியில் இளைஞர் மீண்டும் வந்தார். இந்த முறை தாள் இல்லை. மடிக்கணினியைத் திறந்து, சர்ஜில் தாம் செய்த ஒலிகளைக் காட்டினார். இருபதுக்கு மேல் இருந்தன. பாதிக்கு மேல் நன்றாக இல்லை. அதை அவரே சொன்னார். ஆனால் ஒவ்வொன்றும் ஏன் நன்றாக இல்லை என்றும் அவரால் சொல்ல முடிந்தது. "இதில் எழுச்சி அதிகம், அதனால் வேகமான பிடிகளில் ஒலி எழும் முன்பே அடுத்த ஸ்வரம் வந்துவிடுகிறது" என்றார். ஆடியில் என்னிடம் விலைப்பட்டியல் நீட்டியவர் பேசும் பேச்சா இது என்று நான் வியந்தேன்.

பின்னர்ச் சொன்னார்: "தோடி வாசிக்க முயன்றேன், ஐயா. காந்தாரம் முளை அடித்ததுபோல் நின்றுவிடுகிறது. கணினியில் சுட்டியால் வளைத்துப் பார்த்தேன். கை இரண்டும் ஒன்றுசேர மறுக்கின்றன. இடக்கைக்கு ஒரு சக்கரமோ பட்டையோ வேண்டும். மூன்று மாதமாக ஒரே நேரத்தில் இரண்டு ஸ்வரங்களை நான் சேர்த்து வாசிக்கவே இல்லை. எனக்கு நான்கு குரல் எதற்கு? ஒரு குரல் போதும்."

நான் மினிலாக் என்று மனத்தில் முடிவு கட்டி வைத்திருந்தேன். இளைஞர், சினிமா இசையில் நாட்டம் இருக்கும், ஸ்வரக்கூட்டு வாசிக்க நான்கு குரல் வேண்டியிருக்கும் என்பது என் கணக்கு. அவரைக் கேளாமலே போட்ட கணக்கு. அவர் கேட்டது ஒரு குரல் மட்டும் உடைய மோனோலாக். இருபத்தைந்து கட்டைகள், மினிலாக்கைவிடச் சிறியது, விலையும் குறைவு. ஸ்வரத்தை வளைக்க இடப்பக்கம் ஒரு தள்ளுபட்டை உண்டு. ஒவ்வொரு ஸ்வரத்தையும் நம் சுருதிக்கேற்ப நுட்பமாக மாற்றி அமைக்கும் வசதியும் உண்டு. மின்சாரம் நின்றால் மின்கலத்தில் இயங்கும். அவர் ஊரில் இது சிறிய நன்மை அன்று. இருபத்தைந்து கட்டை போதுமா என்று நான் ஐயுற்றேன். "தோடிக்கு இரண்டு ஸ்தாயி தாராளம். மூன்றாவது வேண்டுமானால் ஒரு பொத்தான் இருக்கிறது" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை.

பழைய கருவியாகவே வாங்க முடிவு செய்தோம். சென்னையில் ஓர் இசைக்கலைஞரிடம் விற்பனைக்கு இருந்தது. நானும் உடன் சென்றேன். பழைய கருவி வாங்குவோர் பார்க்க வேண்டியவை சில உண்டு. எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாகவும் வேகமாகவும் அமுக்க வேண்டும். ஒவ்வொரு குமிழையும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முழுதும் திருப்ப வேண்டும். கரகரத்தால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது. கால்மணி நேரம் ஓடவிட்டுச் சுருதி நிற்கிறதா என்று தம்புரா ஒலியோடு ஒப்பிட வேண்டும். மின்னேற்பி அந்தக் கருவிக்கே உரியதா என்று பார்க்க வேண்டும். வோல்ட் அளவோ, நேர்முனை எதிர்முனை அமைப்போ மாறினால் கருவி புகைந்துவிடும். ஜப்பானிலிருந்து ஒருவர் கைப்பட வந்த பழைய கருவிகளில் 100 வோல்ட்டுக்கு உரியவை உண்டு. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். இவையெல்லாவற்றையும் இளைஞரே பார்த்தார். நான் பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்து காப்பி குடித்ததுதான் என் பங்கு. ஒரு குமிழ் கரகரத்தது. அதைச் சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டார். பேரம் பேசும் கலை அவருக்குத் தாயாரிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

மீந்த பணம் மீண்டும் அஞ்சலகத்திற்கே போயிற்று. அதிலிருந்து பிறகு தாயாரின் தையல் இயந்திரத்திற்கு மோட்டார் பொருத்தினார் என்று கேள்விப்பட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கருவியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். அந்தப் பை தாயார் தைத்தது. அளவு பிசகாமல் பொருந்தியிருந்தது. கூடத்தில் அமர்ந்து, தம்புரா ஒலியை மெல்ல வைத்து, தோடியை ஆலாபனை செய்தார். வடிப்பானைப் பாதி மூடி, எழுச்சியைச் சற்றே தாமதப்படுத்தி, மூச்சுக்காற்றுப் போன்ற இரைச்சலைக் கொஞ்சம் கலந்து வைத்திருந்தார். இருபத்து நான்கு வயதில் நான் தேடிக் கிடைக்காத புல்லாங்குழல் ஏறக்குறைய அதில் இருந்தது. காந்தாரத்தில் மட்டும் இடக்கை சற்று அவசரப்பட்டது. அசைவு ரிஷபத்தைத் தொட்டும் தொடாமலும் திரும்பிவிட்டது. அதைச் சொன்னேன். தமக்கும் கேட்டது என்றார். பட்டையின் வீச்சைக் கொஞ்சம் குறைத்து வைத்து, மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசித்தார். இன்னும் சரியாகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் புறப்பட்டார்.